அம்மாவின் மறதிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: போகும் முன் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. ஒரு வருடமாக மறதி. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். நரம்பியல் மருத்துவர் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையும் ஆகியிருக்கிறது. லிஃப்டில் ஏறவே பயப்படுவார். வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா? மயக்க ஊசி போடுவார்களா? அல்சைமர் என்பது இந்த ஸ்கேனில் தெரிந்துவிடுமா?

பதில்: 19 வருடமாக ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ.க்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை உள்ளவர் வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வருவதுதான் நல்லது. மயக்க ஊசி பெரும்பாலானவர்களுக்கு வேண்டியிருக்காது. அல்சைமர் என்று ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

இந்தக் கடைசி விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எதற்காக இந்த ஸ்கேன் என்று புரிந்தால்தான் எதற்கெல்லாம் தயாராக வேண்டும் என்பதும் புரியும்.

மறதிக்கு மூளை ஸ்கேன் எழுதும்போது மருத்துவர் முதலில் தேடுவது, இந்த மறதிக்கு வேறு ஏதாவது காரணம், அதுவும் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்பதைத்தான். சில வருடம் முன்பு ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதமாக மறதி, பேச்சு குறைந்துவிட்டது, எந்நேரமும் தூக்கம். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டிருக்கிறார்கள். படத்தில் மூளையின் இடப்பக்கத்தை அழுத்திக்கொண்டு பிறை வடிவத்தில் பழைய இரத்தம் தேங்கியிருந்தது. விழுந்தாரா என்று கேட்டால், ஆமாம், பொங்கலுக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்தார், லேசான அடிதான், தைலம் தேய்த்துவிட்டோம் என்றார்கள். மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு அந்த இரத்தத்தை வெளியே எடுத்தார்கள். அடுத்த ஸ்கேனுக்கு அவரே நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, அன்னைக்கும் நீங்கதானா?" என்று கேட்டார்.

வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே உள்ள சிறு இரத்தக்குழாய்கள் அதனால் இழுபட்டு நிற்கும். லேசாக அடிபட்டாலே கிழிந்து, வாரக்கணக்கில் மெல்லக் கசியும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் உங்கள் அம்மாவும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடந்த மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா, நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாரா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஏதாவது நடந்து, அதற்குப் பிறகு மறதி வேகமாகக் கூடியிருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தலைவலியும் வாந்தியும், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் குழறல் என்று எது வந்தாலும் வியாழக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, மூளைக்குள் நீர் அறைகள் வீங்கிக்கொள்வது. 1965-இல் கொலம்பியா நாட்டின் நரம்பு அறுவை நிபுணர் சாலமோன் ஹாக்கிம் விவரித்த நோய். மறதி, சிறுநீரை அடக்க முடியாமை, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்துத் தேய்த்து நடப்பது ஆகிய மூன்றும் இதன் அடையாளம். பொருத்தமானவர்களுக்கு நீரை வடிக்கும் குழாய் வைத்தால் முன்னேற்றம் கிடைக்கும், பெரும்பாலும் முதலில் நடைதான் சரியாகும். கட்டி, வெளியே தெரியாமல் வந்துபோன சின்னச் சின்னப் பக்கவாதங்கள் ஆகியவையும் ஸ்கேனில் தெரியும்.

இவையெல்லாம் இல்லை என்று ஆன பிறகு ஹிப்போகேம்பஸ். புது நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதி. இரண்டு பக்கமும் காதுக்கு நேர் உள்ளே, சுண்டுவிரல் பருமனில் வளைந்து கிடக்கும். கிரேக்க மொழியில் கடற்குதிரை என்று அர்த்தம், வடிவமும் அப்படித்தான் இருக்கும். அல்சைமரில் இது மற்ற இடங்களைவிட முன்னதாகச் சுருங்கும். அதன் சுருக்கத்தை 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு மருத்துவர் எழுதுவார். மதிப்பெண் கூடுதலாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். படம் சாதாரணமாக இருந்தால் நோயே இல்லை என்றும் ஆகிவிடாது, ஆரம்பக் கட்டத்தில் படம் நன்றாகவே இருக்கக்கூடும். நோயை முடிவு செய்வது உங்கள் வாயிலிருந்து வரும் விவரம், அம்மாவுக்கு வைக்கும் நினைவுத்திறன் சோதனை, இரத்தப் பரிசோதனை, இந்தப் படம் எல்லாம் சேர்ந்துதான்.

இரத்தப் பரிசோதனை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர் என்றால் இன்னும் குறையலாம். பி12 குறைவு, தைராய்டு சுரப்பு குறைவு, இரத்தத்தில் சோடியம் குறைவு, அடிக்கடி சர்க்கரை இறங்கிப்போவது என எல்லாமே மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரும். இவை எதுவும் எங்கள் மெஷினில் தெரியாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்கேன் எடுத்துவிட்டு, சில நூறு ரூபாய் இரத்தப் பரிசோதனையை விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மருத்துவர் எழுதியிருக்கிறாரா என்று சீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

சரி, இப்போது தயாரிப்பு.

முதல் வேலை, ஒரு தாள் எடுத்து எழுதுவது. மறதி எப்போது ஆரம்பித்தது, முதலில் கவனித்தது எந்தச் சம்பவம், மெல்ல மெல்லக் கூடியதா அல்லது படிக்கட்டு இறங்குவதுபோல் திடீர் திடீரென்று மோசமானதா, நடை மாறியதா, சிறுநீர் பிரச்சினை உண்டா, விழுந்தது உண்டா, இல்லாத ஆட்கள் இருப்பதுபோல் பேசுகிறாரா, மனச்சோர்வு உண்டா. அதோடு வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கியது, சிறுநீர் அடங்க எழுதியது, லேகியம், சூரணம் எதையும் விட வேண்டாம். வயதானவர்களின் நினைவை மங்கச் செய்யும் மாத்திரைகள் இவற்றில் பல உண்டு. பை ஸ்கேனுக்கு அல்ல, மருத்துவருக்கு. தாள் மருத்துவருக்கும் வேண்டும், ஸ்கேன் சென்டருக்கும் வேண்டும்.

படம் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜி மருத்துவர் உங்கள் அம்மாவோடு பேசப்போவதில்லை. அவர் கையில் இருப்பது சீட்டில் உள்ள ஒரு வரிதான். அங்கே வெறுமனே 'எம்.ஆர்.ஐ. பிரெய்ன்' என்று இருந்தால் நாங்கள் தலைவலிக்கு எடுக்கும் அதே வழக்கமான படங்களை எடுத்து அனுப்பிவிடுவோம். 'ஒரு வருடமாக மறதி, டிமென்ஷியா சந்தேகம்' என்று இருந்தால் (அல்சைமர் போன்ற மறதி நோய்களின் பொதுப்பெயர்தான் டிமென்ஷியா) ஹிப்போகேம்பஸின் நீளத்துக்குக் குறுக்கே வெட்டினதுபோல் மெல்லிய படங்களும், மூளைக்குள் பழைய நுண்கசிவுகளைக் காட்டும் படங்களும் சேர்த்து எடுப்போம். இதை நீங்கள் முன்பதிவு செய்யும்போதே கவுண்டரில் சொல்லலாம்: "மறதிக்காக எடுக்கிறோம், டிமென்ஷியா புரோட்டோகால் எடுப்பீர்களா?" பழைய சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ பீரோவில் கிடந்தால், எத்தனை வருடப் பழசானாலும், தூசி தட்டிக் கொண்டுவாருங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய படம் பக்கத்தில் இருந்தால், சுருக்கம் வயதுக்கு ஏற்றதா வேகமானதா என்று சொல்வது எவ்வளவோ சுலபம்.

அடுத்தது உலோகம். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அது பெரிய காந்தம். 1.5 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) மெஷின் என்றால் பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. சத்தம் இல்லாமல் சும்மா நிற்கும்போதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் நோயாளியோடு வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார். மெஷின் ஓடவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது, உயிர் போய்விட்டது. கதவுக்கு முன்னால் நாங்கள் கறாராக நடந்துகொள்வது இதனால்தான், தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உள்ளே போகும் முன் ஒரு படிவம் தருவோம். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, மூளையில் கிளிப் உண்டா, காதுக்குள் கருவி உண்டா, கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா என்று கேள்விகள் இருக்கும். மறதி உள்ளவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் சொல்வார், அதுவும் ரொம்ப நம்பிக்கையாகச் சொல்வார். ஒரு தடவை 78 வயதுப் பெரியவர், எந்த ஆபரேஷனும் நடந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். கூட வந்த மகளும் தலையாட்டினார். சட்டையை மாற்றி அங்கி போடும்போது இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டிபோல் ஒரு மேடு. பேஸ்மேக்கர். திருப்பூரில் இருக்கும் அண்ணன்தான் ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் பார்த்துக்கொண்டார், எனக்குத் தெரியாது என்று மகள் அழுதுவிட்டார். நல்லவேளை, கதவுக்கு வெளியிலேயே பார்த்துவிட்டோம். அதனால் புதன்கிழமை ராத்திரி அண்ணன், தம்பி, சித்தி, பெரியம்மா என்று எல்லோருக்கும் போன் போட்டு, அம்மாவுக்கு என்றைக்காவது என்ன ஆபரேஷன் நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் பற்றிக் கவலை வேண்டாம். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்களோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், உங்கள் அம்மாவுக்கு நான்கு வருடமும் ஆகிவிட்டது. செயற்கை மூட்டும் தடை இல்லை. முழங்காலைச் சுற்றித்தான் படம் கலங்கும், மூளைப் படத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டின் டிஸ்சார்ஜ் சம்மரியையும், ஸ்டென்ட் கார்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். இதைப் படிப்பவர்களில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால் அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: புது மாடல்கள் பலவற்றில் எம்.ஆர்.ஐ. எடுக்க வழி உண்டு, ஆனால் இதய மருத்துவர் முன்னதாகப் பார்த்து அதன் செட்டிங்கை மாற்ற வேண்டும், பேஸ்மேக்கர் கார்டு இல்லாமல் யாரும் எடுக்க மாட்டார்கள். லேத், வெல்டிங், கிரைண்டிங் பட்டறையில் வேலை பார்த்த அப்பாக்கள் இருந்தால் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதா என்பதை அவசியம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

இனி நகை. தோடு, மூக்குத்தி, செயின், வளையல், மோதிரம், தாயத்து, வெள்ளி அரைஞாண், கைக்கடிகாரம், கழற்றி மாட்டும் பல்செட், காது மெஷின் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வருவது உத்தமம். மூக்குத்தியை விட்டுவிட்டு எடுக்க முடியாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். மூளைக்கு அவ்வளவு பக்கத்தில் உலோகம் இருந்தால் படத்தில் அந்த இடத்தைக் கறுப்பாக விழுங்கிவிடும், சூடாகவும் ஆகலாம். 30, 40 வருடம் கழற்றாத திருகு ஸ்கேன் சென்டரில் ஐந்து நிமிடத்தில் வராது. இரண்டு நாள் முன்பே தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் தெரிந்த ஆசாரியிடம் போனால் பதமாக எடுத்துக் கொடுப்பார். மெட்டியும் அப்படித்தான். காலையில் கால் வீக்கம் இல்லாதபோது சோப்புத் தண்ணீர் விட்டுச் சுழற்றினால் வரும். மூளை ஸ்கேனுக்குப் பாதம் குழாய்க்கு வெளியில்தான் இருக்கும் என்பதால் சில சென்டர்களில் மெட்டியை விட்டுவிடுவார்கள், சில இடங்களில் விட மாட்டார்கள். போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

தாலி விஷயத்தில் அம்மாக்கள் கண்கலங்குவதைத் தினமும் பார்க்கிறேன். மறதி வந்தவருக்கு இது இன்னும் கஷ்டம். ஏன் கழற்றினோம் என்பது மறந்துபோகும், கழுத்து வெறுமையாக இருப்பது மட்டும் தெரியும், பதறிவிடுவார். மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டி, அப்பா கையாலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். அதோடு உள்ளே வரலாம். ஒரு தாத்தா எங்கள் சென்டர் பெஞ்சிலேயே உட்கார்ந்து அதைக் கட்டிவிட்டு, "இது ஸ்கேன் முடியிற வரைக்கும்தான், சரியா?" என்று அந்த அம்மாவின் காதில் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டே அசையாமல் படுத்திருந்தார். உங்கள் வீட்டில் அப்பா இல்லையென்றால் இந்தப் பேச்சே எழாது. இருந்தால், நகைகளை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு வருவதுதான் நிம்மதி.

உடை: ஊக்கு, கொக்கி, ஜிப் இல்லாத பருத்தி நைட்டியோ தளர்ந்த உடையோ போதும், சென்டரிலும் அங்கி தருவார்கள். ஜரிகைச் சேலை வேண்டாம், ஜரிகையில் உலோக இழை உண்டு. கண் மை வேண்டாம். தலையில் கொண்டை போட்டுவிடாதீர்கள். தலையை ஒரு கூடு மாதிரியான கருவிக்குள் வைப்போம், பின்னால் கொண்டை இருந்தால் தலை சரியாகப் படியாது, கழுத்து வலிக்கும். தளர்வாகப் பின்னி, பக்கவாட்டில் முன்னால் விட்டு, நுனியில் நூலால் கட்டுங்கள். ஹேர்பின், ஸ்லைடு, சவுரி கூடாது. உடம்பில் சர்க்கரை பார்க்கும் சென்சார், மருந்துப் பட்டை ஏதாவது ஒட்டியிருந்தால் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கவலைக்கு வருகிறேன், பயம். என் அனுபவத்தில் மறதிக்கான ஸ்கேன் கெட்டுப்போவது மெஷினால் அல்ல, அசைவால். ஹிப்போகேம்பஸ் அவ்வளவு சின்னது. தலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், ஓரம் கலங்கி, அளவே சொல்ல முடியாமல் போய்விடும். 20 முதல் 40 நிமிடம் மல்லாந்து அசையாமல் படுப்பதுதான் அம்மாவிடம் நாம் கேட்கும் ஒரே காரியம். அதற்குப் பழக்கப்படுத்தலாம்.

இன்றிலிருந்தே தினமும் ஒரு தடவை கட்டிலில் மல்லாந்து படுக்க வையுங்கள், தலைக்கு மெல்லிய துணி, முழங்காலுக்கு அடியில் தலையணை. முதல் நாள் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து, பதினைந்து. யூடியூபில் எம்.ஆர்.ஐ. சத்தம் என்று தேடினால் கிடைக்கும், அதைப் போனில் மெல்ல வைத்துக் கேட்கவிடுங்கள். டக் டக் என்று இடிப்பதும், டிரில்லிங் மெஷின் போல் இரைவதும் மாறி மாறி வரும், 100 டெசிபலைத் தாண்டும். காதுக்கு அடைப்பான் தருவோம். இந்தப் பழக்கம் அம்மாவுக்கு நினைவில் நிற்குமா என்று கேட்பீர்கள். படுத்தது மறந்துபோகலாம். ஆனால் உடம்புக்குப் பழக்கம் வரும், சத்தத்தைக் கேட்டதும் வரும் திடுக்கிடல் குறையும். இதையெல்லாம் விட, படுத்தால் இருமல் வருகிறதா, மூச்சு முட்டுகிறதா, கூன் காரணமாகத் தலை படியவில்லையா என்பது உங்களுக்கு வீட்டிலேயே தெரிந்துவிடும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் பொய் சொல்லிக் கூட்டிவராதீர்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி எங்கள் வாசலில் இறக்கினால், அந்தக் கோபமும் பயமும் ஸ்கேன் முடியும் வரை இருக்கும். ஒரு வாரம் முன்பே சொல்லிக் கவலைப்படுத்தவும் வேண்டாம். காலையில் சின்னதாக, "தலையை ஒரு போட்டோ எடுக்கப் போறோம்மா, ஊசி கிடையாது, நான் கூடவே இருப்பேன்" என்றால் போதும். திரும்பக் கேட்டால் அதே வார்த்தைகளில், அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். "இப்பத்தானே சொன்னேன்" என்ற ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தைக் காலையில் வாங்குங்கள். மறதி உள்ளவர்களுக்குச் சாயங்காலம் ஆக ஆகக் குழப்பமும் படபடப்பும் கூடும். வியாழன் அன்று உங்களுக்கு மாலை நேரம் கிடைத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், காரணத்தைச் சொன்னால் மாற்றித் தருவார்கள். அன்று காலை லேசான டிபன், பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வழக்கம்போல. கிளம்பும் முன்பும் உள்ளே போவதற்குச் சரியாக முன்பும் கழிவறைக்கு அழைத்துப் போங்கள். பாதியில் எழுந்து வருபவர்களில் நிறையப் பேர் பயத்தால் எழுவதில்லை, சிறுநீர் முட்டி எழுகிறார்கள். சொல்லத் தெரியாமல் காலை அசைப்பார்கள். அறை ஏ.சி.யில் சில்லென்று இருக்கும், போர்வை கேட்டு வாங்குங்கள்.

நீங்களும் உள்ளே வரலாமா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். உங்கள் உடம்பிலும் உலோகக் கருவி ஏதும் இல்லை, கர்ப்பமும் இல்லை என்றால், போன், சாவி, சில்லறை, ஏ.டி.எம். கார்டு, பெல்ட், நகை எல்லாம் வெளியே வைத்துவிட்டுப் பெரும்பாலும் விடுவார்கள். உங்களுக்கும் காதடைப்பான் தருவார்கள். அம்மாவின் தலை உள்ளே இருக்கும், கால் வெளியே இருக்கும். அந்தப் பாதத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். தடவ வேண்டாம், தட்ட வேண்டாம், சும்மா பிடித்திருந்தால் போதும். நான் பார்த்தவரை எந்த மாத்திரையையும் விட இது வேலை செய்கிறது. காது மெஷினைக் கழற்றிவிட்டதால் மைக்கில் நாங்கள் பேசுவது கேட்காதவர்களுக்கு இந்தக் கைதான் பேச்சு. படுக்க வைத்ததுமே, உள்ளே தள்ளும் முன்னாலேயே, கண் மேல் மெல்லிய துணியைப் போட்டுவிடச் சொல்லுங்கள். குழாயின் கூரை மூக்குக்கு மேலே வருவதைப் பார்த்தால்தான் பயம், பார்க்காவிட்டால் பாதி பயம் இல்லை. கையில் ஒரு ரப்பர் பந்து தருவோம், அமுக்கினால் உடனே நிறுத்தி வெளியே எடுப்போம். அதை முதலிலேயே ஒரு தடவை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள், அமுக்கினால் ஆள் வருவார் என்று கண்ணால் பார்த்தவர்கள் அதிகம் அமுக்குவதில்லை.

இத்தனைக்கும் மேல் முடியவில்லையென்றால்தான் மயக்கம். அது மயக்க மருத்துவர் பக்கத்தில் இருந்து, இதயத் துடிப்பும் ஆக்சிஜனும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய ஒன்று. அப்படி முடிவானால் மட்டும் ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது, சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் எப்படி மாற்றுவது என்று அவரே சொல்வார். நீங்களாக அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுத்துக் கூட்டிவருவது வேண்டவே வேண்டாம். மறதி உள்ள வயதானவருக்கு அது தூக்கத்துக்குப் பதிலாகக் குழப்பத்தைக் கிளப்பிவிடலாம், இரவு கழிவறைக்குப் போகும்போது விழவும் வைக்கும்.

கடைசிவரை எம்.ஆர்.ஐ. முடியாமல் போனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. சி.டி. ஸ்கேன் சில நிமிடத்தில் முடியும், திறந்த வளையம்தான். நுணுக்கம் குறைவு, கொஞ்சம் கதிரும் உண்டு. ஆனால் நான் மேலே சொன்ன தேங்கிய இரத்தம், நீர் வீக்கம், பெரிய கட்டி ஆகியவற்றைக் காட்டிவிடும்.

மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் மறதிக்கு வழக்கமாகத் தேவைப்படாது. கட்டி, தொற்று மாதிரி சந்தேகம் வந்தால் கேட்பார்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் கைவசம் சமீபத்திய கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் ஒன்றை வைத்திருங்கள், அன்றைக்கு அலைய வேண்டியிருக்காது.

பெட் ஸ்கேன் என்று பின்னால் யாராவது சொன்னால் அதன் தயாரிப்பு வேறு. மூளை எங்கே குளுக்கோஸை எரிக்கிறது, எங்கே எரிக்கவில்லை என்று பார்ப்பது அது. நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், பொதுவாக 200-க்கு மேல் போனால் வேறு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். கதிர்வீச்சுள்ள குளுக்கோஸ் மருந்தை ஊசியில் போட்ட பிறகு மங்கலான அறையில் பேசாமல், போன் பார்க்காமல் அமைதியாக இருக்க வேண்டும். அந்த மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும் என்பதால் தாமதமாகப் போனால் மருந்து வீணாகும். அன்று கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவரோடு ஒட்டி உட்கார வேண்டாம். எல்லா மறதிக்கும் இது தேவையில்லை, எம்.ஆர்.ஐ.க்குப் பிறகும் எந்த வகை என்று தெளிவாகாதபோதுதான் எழுதுவார்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் கணிசமாகக் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் காட்டிக் கேளுங்கள். காத்திருக்க வேண்டிவரும். வருடக்கணக்கில் மெல்ல வந்த மறதிக்கு ஒரு வாரம் தாமதம் ஆபத்தில்லை, திடீரென்று வந்ததற்குத்தான் அவசரம்.

ரிப்போர்ட் வந்ததும் காரில் உட்கார்ந்தே பிரித்துப் படிப்பீர்கள், எல்லோரும் படிக்கிறார்கள். அதனால் சொல்லிவைக்கிறேன். 'வயதுக்கேற்ற அட்ரோபி' என்று இருந்தால் முடி நரைத்ததுபோல் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. 'ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்' (நுண் இரத்தக்குழாய்களில் இரத்த ஓட்டம் குறைந்ததன் அடையாளங்கள்), 'ஃபசேகாஸ் 1' (அந்த மாற்றங்களுக்கு 0 முதல் 3 வரை போடும் மதிப்பெண்) என்பதெல்லாம் 60 தாண்டியவர்களிடம், அதிலும் பிரஷர், சர்க்கரை உள்ளவர்களிடம், நாங்கள் அன்றாடம் பார்ப்பது. ஃபசேகாஸ் 3 என்று இருந்தால் நுண் இரத்தக்குழாய்கள் நிறையப் பாதிக்கப்பட்டிருக்கின்றன, பிரஷரையும் சர்க்கரையும் கண்டிப்பாகக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். ஹிப்போகேம்பஸ் மதிப்பெண் 2 என்பது 75-க்குக் கீழ் கவனிக்க வேண்டியது, அதைத் தாண்டியவருக்கு இயல்பாகவும் இருக்கலாம். ஒவ்வொரு சொல்லாகக் கூகுளில் தேடாமல், எழுதிக் கொடுத்த அதே நரம்பியல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் இருப்பதை அம்மா முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டாம். சொன்ன விஷயம் மறந்துபோனாலும் அந்தக் கலக்கம் அவருக்குள் அன்று முழுக்க இருக்கும்.

ஃபிலிம் மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், படங்கள் பதிந்த சி.டி.யும் (ஸ்கேன் அல்ல, டிஸ்க்) கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும், சி.டி.யில் எல்லாமும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு மெட்டியையும் மூக்குத்தியையும் போட்டுவிட்டு, சி.டி. உறையின் மேல் பெயரையும் தேதியையும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி, நீங்கள் எழுதிய அந்தத் தாளோடு சேர்த்து ஒரே கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், எங்களில் யாராவது முதலில் கேட்கப்போவது அந்தக் கவரைத்தான்.